லியோனில் சிரிப்பு செல்லாது

அமெரிக்க மாணவர்கள் கல்லூரியின் மூன்றாம் ஆண்டை பிரான்ஸில் கழிக்கும் வழக்கத்துக்கு நூறு வயதாகிவிட்டது. 1923இல் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கர்க்பிரைட் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றி அழைத்துப்போனதில் தொடங்கியது அது. ஜாக்குலின் கென்னடி கல்யாணத்துக்கு முன்பு 1949-50இல் பாரிஸில் படித்ததும், கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் 1963-64இல் அங்கே போனதும் இந்த வழக்கத்தில்தான்.

நான் போனது 2022 செப்டம்பரில், லியோனுக்கு. ஆறாம் வகுப்பில் மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தவள் நான். கையில் அமெரிக்க பாஸ்போர்ட், வாயில் பள்ளிக்கூடத்து பிரெஞ்சு. பாரிஸ் வேண்டாம் என்று நினைத்ததற்குக் காரணம், அங்கே வாடகையும் அதிகம், அமெரிக்க மாணவர்களும் அதிகம். பத்து அமெரிக்கர்கள் ஒரு மேஜையில் சேர்ந்தால் அது அமெரிக்காவாகிவிடும். அதற்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்பின் தெரியாதவரைப் பார்த்தாலும் பல் தெரியச் சிரிப்போம், எப்படி இருக்கிறீர்கள் என்போம், பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம். லியோன் மெட்ரோவில் அப்படிச் சிரித்தால், எதிரில் இருப்பவர் இந்தப் பெண் தன்னிடம் எதையோ விற்கப் பார்க்கிறாள் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்கள் சிடுமூஞ்சிகள் அல்ல. பழகாத ஆளிடம் அன்பை முன்கூட்டியே எடுத்து நீட்டுவதில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. கடைக்குள் நுழைந்தால் முதலில் "பொன்ஜூர்", அதாவது வணக்கம். மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பொதுவாக ஒரு பொன்ஜூர். பேருந்து ஓட்டுநருக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் "இந்தத் தெரு எங்கே இருக்கிறது?" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் பணிவாகக் கேட்டதாகக் கணக்கில் வராது. சொல்லிவிட்டுக் கேட்டால், அதே ஆள் தெரு முனை வரை கூடவே நடந்து வந்து காட்டுவார். மரியாதைப் பன்மையும் ஒருமையும் தமிழில் பழகியவளுக்குப் பிரச்சினையாக இல்லை. கூட வந்த அமெரிக்கர்கள்தான் பேராசிரியரை ஒருமையில் அழைத்துத் திண்டாடினார்கள்.

முதல் செமஸ்டரில் க்ருவா-ரூஸ் மேட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் ஓர் அறை. 19ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி அது. உயரமான ஜக்கார்டு தறிகள் உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காகக் கூரையை நான்கு மீட்டருக்குக் கட்டியிருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் அந்த ஆண்டு உக்ரைன் போரால் எரிபொருள் நெருக்கடி. வீட்டு வெப்பத்தை 19 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. வீட்டுக்கார மதாம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சூடெல்லாம் நான்கு மீட்டர் உயரத்தில் போய் நிற்க, கீழே நான் வீட்டுக்குள்ளேயே கழுத்துத் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துணி உலர்த்தும் இயந்திரம் கிடையாது. ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகும். அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் பெட்டியில் ஒரு ஜீன்ஸைக் குறைத்துவிட்டு உள்ளே போடும் கம்பளி உடுப்பு இரண்டு வையுங்கள்.

இரவு உணவு எட்டு மணிக்கு. அதற்கு முன் குளிர்பெட்டியைத் திறந்து கொறிப்பது அந்த வீட்டில் நடக்காது. மேஜையில் கற்றுக்கொண்டவை ஏராளம். கைகளை மடியில் வைக்கக் கூடாது, மணிக்கட்டு மேஜைமேல் தெரிய வேண்டும். ரொட்டித் துண்டு தட்டில் அல்ல, மேஜை விரிப்பின் மேலேயே இருக்கும். கீரை இலையைக் கத்தியால் வெட்டாமல் மடித்துச் சாப்பிட வேண்டும். முக்கோண வடிவில் இருக்கும் ப்ரீ பாலாடைக்கட்டியின் நுனியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது பெரிய குற்றம். நடுப்பகுதிதான் ருசி என்பதால், எல்லோருக்கும் அதில் பங்கு போகும்படி நீளவாக்கில் வெட்ட வேண்டும். விருந்துக்கு யாராவது அழைத்தால் சொன்ன நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். பூ வாங்கிப் போகலாம், சாமந்தி மட்டும் வேண்டாம். நவம்பர் 1, சகல புனிதர் திருநாளையொட்டிக் கல்லறைகளுக்கு எடுத்துப்போகும் பூ அது.

நான் சைவம். லியோன் பிரெஞ்சுச் சமையலின் தலைநகரம் என்று பேர் பெற்ற ஊர். அந்தப் பேர் முக்கால்வாசி பன்றியாலும் குடலாலும் வந்தது. 'பூஷோன்' எனப்படும் பழைய பாணி உணவகங்களில் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது குறைவு. லியோன் சாலட் என்று கேட்டால் உப்புக்கண்டப் பன்றித் துண்டுகளோடு வரும். அதை இறைச்சி என்றே பல பேர் எண்ணுவதில்லை. ஆகவே "நான் சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பன்றி, மீன், கோழி என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும். மீன் சேர்க்காத வெறும் கெனெல் கொழுக்கட்டை, உருளைக்கிழங்கு கிராத்தேன், பூண்டும் மூலிகையும் கலந்த புதுப் பாலாடையான செர்வெல் த கனூ ஆகியவை என்னைக் காப்பாற்றின. கடைசியாகச் சொன்னதன் பெயரில் மூளை இருக்கிறது, கிண்ணத்தில் இல்லை, பயப்பட வேண்டாம். கண்டிப்பான சைவர்களுக்கு இன்னொரு விஷயம்: கோந்தே முதலான பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் செய்கிறார்கள். இதை அறிந்த பிறகு சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் பாடு. நான் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மதியச் சாப்பாடு 'க்ரூஸ்' எனும் அரசு மாணவர் நல அமைப்பின் உணவகத்தில். அப்போது முழுச் சாப்பாடு 3.30 யூரோவாக இருந்தது. உதவித்தொகை பெற்ற மாணவர்களுக்கு 1 யூரோ. தினமும் சைவத்தில் ஏதாவது ஒன்று இருந்தது. விலையைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது நேரம். அமெரிக்காவில் ஒரு கையில் சாண்ட்விச், இன்னொரு கையில் மடிக்கணினி என்று நடந்தபடியே சாப்பிட்டவள் நான். இங்கே எல்லோரும் தட்டோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். வகுப்புக்குள் காபிக் குவளையைக் கொண்டுபோனது அமெரிக்கர்கள் மட்டும்தான்.

இப்போது படிப்பு. பெருங்கூடத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு நடக்கும் விரிவுரை 'செ-எம்'. முப்பது நாற்பது பேர் கொண்ட பயிற்சி வகுப்பு 'தே-தே'. நான் பார்த்த அளவில் வருகைப் பதிவு தே-தேயில் மட்டும். அமெரிக்காவில் பாடத்திட்டத் தாள் என்றால் வாரவாரம் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஒப்பந்தப் பத்திரம் மாதிரி இருக்கும். இங்கே முதல் நாள் கையில் கிடைத்தது இரண்டு பக்க நூல் பட்டியல். எதை எப்போது படிப்பது என்று யாரும் சொல்லவில்லை. வாராந்திர வீட்டுப்பாடம் இல்லை, அதனால் அக்டோபர் முழுக்க விடுமுறை போலத் தோன்றும். டிசம்பரில் நான்கு மணி நேரத் தேர்வு ஒன்று வந்து மொத்த மதிப்பெண்ணையும் தீர்மானிக்கும்.

அந்தத் தேர்வில் எழுத வேண்டியது 'திசெர்த்தாசியோன்'. நம் ஊர் கட்டுரையும் அல்ல, அமெரிக்க 'எஸ்ஸே'யும் அல்ல. அமெரிக்காவில் முதல் பத்தியிலேயே என் கருத்து இது என்று அறிவித்துவிட்டு, மீதியில் அதற்கு ஆதாரம் அடுக்க வேண்டும். இங்கே முன்னுரையில் கேள்வியை வரையறுத்து, அதில் எங்கே சிக்கல் இருக்கிறது என்று காட்டி, எந்த எந்தப் பகுதிகளாகப் பேசப்போகிறோம் என்று அறிவிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம், இரண்டையும் கடந்து மூன்றாவது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாக்கியத்துக்குக்கூட மதிப்பு உண்டு. "உன் கருத்து எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, மீதியை எதற்குப் படிப்பது?" என்றார் என் பயிற்சி வகுப்பு ஆசிரியர். எனக்கு இன்றும் இந்த வடிவத்தின் மேல் முழு மனசு இல்லை. ஒன்றுமே சொல்லாமல் அழகாக மூன்று பகுதி எழுதிவிட முடியும், எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடிக்காத வாதத்தை அதன் வலிமை குறையாமல் எழுதிக் காட்ட அது என்னைக் கட்டாயப்படுத்தியது. அமெரிக்கக் கல்லூரியில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மதிப்பெண் 20க்கு. 10 வாங்கினால் தேர்ச்சி. 12, 14, 16 என மூன்று தகுதிப் படிகள். 20 கடவுளுக்கு, 19 ஆசிரியருக்கு என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு 13 வந்தபோது பக்கத்தில் இருந்தவள் கைகொடுத்தாள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அப்பா நூற்றுக்கு 65 என்று கணக்குப் போட்டுக் கவலைப்பட்டார். கிளம்பும் முன்பே உங்கள் அமெரிக்கக் கல்லூரியிடம் மதிப்பெண் மாற்று அட்டவணையை எழுத்தில் வாங்கி வையுங்கள். சில கல்லூரிகளில் 14 முழு 'ஏ', சிலவற்றில் அப்படி இல்லை. பாடத்தேர்வையும் மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், கூடவே மாற்றுப் பாடங்களுக்கும் ஒப்புதல் வாங்குங்கள். கால அட்டவணை செப்டம்பரில்தான் வெளியாகும். ஆசைப்பட்ட இரண்டு பாடங்கள் ஒரே மணியில் மோதிக்கொள்வது சகஜம்.

சரி, நண்பர்கள். போன எல்லா அமெரிக்கர்களுக்கும் இதுதான் ஆதங்கம்: "பிரெஞ்சுக்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை." காரணம் இனவெறுப்பும் அல்ல, கர்வமும் அல்ல. பெரும்பாலானோர் அதே வட்டாரத்தில் பிறந்து, பள்ளித் தோழர்களோடு சேர்ந்தே பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். வெள்ளிக்கிழமை மதியம் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ரயிலேறிவிடுவார்கள். மாணவர்களின் கொண்டாட்ட இரவு சனியாக இல்லாமல் வியாழனாக இருப்பது அதனால்தான். சனி ஞாயிறு நமக்காக யாரும் ஊரில் காத்திருக்க மாட்டார்கள். ஞாயிறு கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த இரண்டு நாளை நிரப்ப அமெரிக்கர்கள் மலிவு விமானத்தில் பார்சிலோனா, பிராக் என்று கூட்டமாகப் பறப்பார்கள். திங்கள்கிழமை வகுப்பில் பேச யாரும் இல்லை என்று புலம்புவார்கள்.

எனக்குப் பலன் கொடுத்தது ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது. பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் செவ்வாய் மாலை பேட்மிண்டன். முதல் மாதம் முழுக்கப் பெயர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை, மட்டையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். நவம்பர் வாக்கில் ஒருத்தி, "போன வாரம் ஏன் வரவில்லை?" என்றாள். அமெரிக்காவில் முதல் நாளே தொலைபேசி எண் வாங்கிக்கொண்டு பிறகு அழைக்கவே மாட்டார்கள். இங்கே அந்தக் கேள்வி வந்த வாரமே ஒரு மாலை விருந்துக்கு அழைத்தார்கள். பயிற்சி வகுப்பில் இருவராகச் சேர்ந்து ஒரு தலைப்பில் பேச வேண்டியிருக்கும். அதற்கு இன்னோர் அமெரிக்கரோடு ஜோடி சேராதீர்கள். இலக்கணத்தைத் திருத்துவதற்காகவாவது பிரெஞ்சு மாணவர் உங்களைச் சந்தித்தே ஆக வேண்டும். இடைவேளையில் சிகரெட் பிடிக்க எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். புகைக்காவிட்டாலும் போய் நில்லுங்கள்; தேர்வுத் தகவல் முழுக்க அங்கேதான் பரிமாறப்படும்.

ரொட்டிக் கடையும் அப்படித்தான். தினமும் காலை அதே கடையில் அதே 'திராதிசியோன்' ரொட்டி வாங்கினேன். உறையவைக்காத மாவில், வேதிப்பொருள் சேர்க்காமல் செய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1993இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று பகெத் ரொட்டி செய்யும் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வாழ்த்துச் சொன்னேன். கடைக்கார அம்மா உதட்டைப் பிதுக்கி, "மின்கட்டணத்தை யுனெஸ்கோ கட்டுமா?" என்றார். அதற்குப் பிறகு நான் நன்றாக முறுகியதைத்தான் கேட்பேன் என்று அவரே எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 8 லியோனின் விளக்குத் திருவிழா. 1852இல் ஃபூர்வியேர் குன்றின்மேல் மாதா சிலையைத் திறக்க வேண்டிய நாளில் புயல் வந்து, மாலையில் வானம் தெளிந்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னல்தோறும் விளக்கேற்றிய நினைவு. இப்போது ஒளிக்காட்சிகளைப் பார்க்க ஊர் நிரம்பி வழிகிறது. நான் மதாமோடு ஜன்னல் விளிம்பில் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகுவத்தி அடுக்கினேன். கார்த்திகை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. படம் பார்த்த பாட்டி, தேதி தள்ளிப்போய்விட்டதே என்றாள்.

இரண்டாம் செமஸ்டரில் கில்லோத்தியேர் பகுதியில் இரண்டு பிரெஞ்சு மாணவர்களோடு ஒரு வாடகை வீடு. காகித வேலையின் முழு ருசியும் அப்போதுதான் தெரிந்தது. மாணவர் விசாவில் உள்ளே வந்ததும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும், அப்போது கட்டணம் 50 யூரோவாக இருந்தது. வீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார். பிரான்ஸில் நமக்கு யார் இருக்கிறார்கள்? 'விசால்' என்ற இலவச ஜாமீன் திட்டம் அதற்காகவே இருக்கிறது. 'காஃப்' எனும் அரசு குடும்பநல அமைப்பு அப்போது வெளிநாட்டு மாணவருக்கும் வாடகை உதவி தந்தது, முதல் மாதத்துக்கு மட்டும் கிடையாது. மதுரை மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழை நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் மூலம் பிரெஞ்சாக்கி வைத்திருந்தேன், பல இடங்களில் உதவியது. இதில் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: வங்கிக் கணக்கு. ஃபாட்கா என்ற அமெரிக்கச் சட்டத்தாலும், அதையொட்டி 2013இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தாலும், அமெரிக்கர்களின் கணக்குகளைப் பிரெஞ்சு வங்கிகள் தங்கள் அரசு வழியாக அமெரிக்காவுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சில வங்கிகள், குறிப்பாக இணைய வங்கிகள், மறுத்துவிடும். கிளையுள்ள வங்கியில் முன்பதிவு செய்து, அமெரிக்க வரி எண்ணோடு நேரில் போங்கள். ஆண்டில் எப்போதாவது உங்கள் வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க அரசுக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

பிப்ரவரியில் தொண்டை கட்டி ஜுரம். இணையத்தில் நேரம் குறித்துக்கொண்டு போனால், மருத்துவரே கதவைத் திறந்தார். வரவேற்பாளர் இல்லை, செவிலி இல்லை, ஆறு பக்கப் படிவமும் இல்லை. அவரே பரிசோதித்து, அவரே 25 யூரோ வாங்கி, அவரே ரசீது கொடுத்தார். மாணவர்களுக்கு இலவசமான அரசுக் காப்பீட்டில் பதிந்திருந்ததால் அதில் 16.50 திரும்பக் கணக்குக்கு வந்தது. அறைத் தோழர்களிடம் அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்குப் போனால் எவ்வளவு ஆகும் என்று சொன்னேன். "அப்புறமும் ஏன் தெருவில் இறங்காமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது உண்மையான சந்தேகம்.

தெருவில் இறங்குவது எப்படி என்று அந்த வசந்தத்தில் காட்டினார்கள். ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கும் சட்டத்துக்கு எதிராக 2023 ஜனவரி 19இல் தொடங்கிய வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீண்டது. மார்ச் 16இல் அரசியல் சட்டத்தின் 49ஆம் பிரிவைக் கொண்டு நாடாளுமன்றக் கீழவையில் வாக்கெடுப்பே இல்லாமல் சட்டத்தை நிறைவேற்றியபோது கோபம் இரட்டிப்பானது. வளாக வாசலை மேஜை நாற்காலிகளால் அடைத்தார்கள், வகுப்புகள் நின்றன. ஓய்வுபெற நாற்பது வருடம் இருக்கும் பிள்ளைகள் ஓய்வூதியத்துக்காகக் கூடி வாக்கெடுப்பதைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: வேலைநிறுத்த நாளில் எந்த ரயில் ஓடும் என்பது முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும், அதற்கு முன் பதற வேண்டாம். ஊர்வலத்தின் நடுப்பகுதி குடும்பங்கள் வரும் இடம். கண்ணீர்ப்புகை பெரும்பாலும் முன்பக்கத்தில், அதுவும் கடைசி நேரத்தில். வகுப்பு நின்றாலும் தேர்வு நிற்காது. தேர்வு முறை மாறினால் அந்த அறிவிப்பைச் சேமித்து உங்கள் அமெரிக்கக் கல்லூரிக்கு உடனே அனுப்புங்கள்.

நான் அமெரிக்கர் என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. "சரி, பூர்வீகம் எங்கே?" என்பார்கள். தமிழ்நாடு என்றதும் வயதானவர்கள் முகம் மலர்ந்து பொந்திஷேரி என்பார்கள். அமெரிக்காவில் எந்தப் படிவத்திலும் இனத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், நேரில் யாரும் கேட்கத் தயங்குவார்கள். பிரான்ஸில் அப்படிப்பட்ட விவரத்தைத் திரட்ட 1978ஆம் ஆண்டுத் தரவுச் சட்டம் கடுமையான தடை போட்டிருக்கிறது, ஆனால் பூர்வீகத்தைச் சாப்பாட்டு மேஜையில் தாராளமாகக் கேட்பார்கள். எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மனம் சலித்தால் பாரிஸுக்கு டிஜிவி அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். 49 யூரோ இளைஞர் அட்டை வாங்கினால் டிக்கெட்டில் 30 சதவீதம் தள்ளுபடி. அங்கே லா ஷப்பெல் பகுதியில் இறங்கினால் ஈழத் தமிழர் கடைகள். அங்கே ஒரு தேநீரும் வடையும் வாங்கியபோது கடைக்கார அண்ணர், "பிள்ளை எந்த ஊர்?" என்றார். நியூ ஜெர்சி என்றேன். "அது சரி, எந்த ஊர்?" என்றார்.

கிளம்பும்போது செய்ய வேண்டியவை: தளவாடங்களோடு வாடகைக்கு எடுத்த வீட்டை விட ஒரு மாத முன்னறிவிப்பு போதும். அதை மின்னஞ்சலில் அனுப்பாமல், தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலாக அனுப்புங்கள். சாவி கொடுக்கும் நாளில் வீட்டு நிலை அறிக்கையை அறை அறையாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சேதம் எதுவும் இல்லையென்றால் அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும், இருந்தால் இரண்டு மாதம். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். அட்வான்ஸ், மருத்துவக் கட்டணத்தின் பாக்கி இரண்டும் நீங்கள் விமானம் ஏறிய பிறகுதான் வந்து சேரும்.